எலிக்கு வழிவிட்டது நான்தான்

ஜம்மால் ஊரிலிருந்து
வியாழக்கிழமை, பகல் தொழுகைக்குப் பிறகு

கண்ணு அனீஸுக்கு அம்மா சுஆத் எழுதுவது. உனக்கும் மருமகள் ரீமுக்கும் குட்டி லினாவுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே மூனிக்கில் மூன்று பேரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன், இங்கே அல்லாஹ்வின் கிருபையால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது, அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போனில் சொல்லக்கூடாதா, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போன் என்றால் ஸ்பீக்கரைப் போடு ஸ்பீக்கரைப் போடு என்று முழங்கையால் இடித்துக்கொண்டு உங்கப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நான் ஹலோ சொல்வதற்குள் அங்கே குளிர் எப்படி என்று அவர் ஆரம்பித்துவிடுவார். இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் பெருநாள் முடிந்துவிடும், அப்புறம் உன்னிடம் யோசனை கேட்டு என்ன பிரயோஜனம் என்றும் தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். உன் காரில் எலி புகுந்தது. பக்கத்து வீட்டு ஸ்லிமான்தான் காரணம் என்று உங்கப்பா அவரோடு சண்டை போட்டார். ஸ்லிமான் மனம் நொந்து பெருநாளுக்கு அறுக்க வளர்த்த தன் கிடாவையே விற்றுவிட்டார். ஆனால் காரணம் ஸ்லிமான் இல்லை, நான். பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, நான் வாயைத் திறப்பதா மூடிக்கொண்டிருப்பதா, திறந்தால் முதலில் யாரிடம் திறப்பது, ஒன்றும் விளங்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால் உனக்கும் ஒன்றும் விளங்காது, அதனால் முதலிலிருந்து வருகிறேன், குறுக்கே குறுக்கே எங்காவது போனால் பொறுத்துக்கொள்.

நீ வாங்கி விட்டுப்போன காரை உங்கப்பா எப்படி வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், கை பரபரக்கத்தான் செய்யும், ஆனால் ஒரு நாளாவது தெருமுனை தாண்டி ஓட்டியிருப்பாரா என்றால் இல்லை. பையன் வந்து மீட்டரைப் பார்த்தால் அவன் விட்ட இடத்திலேயே நம்பர் நிற்கணும் என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பள்ளிவாசலுக்குள் போகிற மாதிரி உள்ளே ஏறி உட்கார்ந்து, கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, துடைத்து, உறையைப் போட்டு மூடுவார். ரெண்டு கோடைக்காலம் நீ வரவில்லை, ஒரு வருஷம் புது வேலை, அடுத்த வருஷம் கைக்குழந்தை, நான் குறை சொல்லவில்லை, கணக்குக்காகச் சொன்னேன். ரெண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை தவறவில்லை.

இப்போது ஊலா பற்றி, வருஷத்துக்கென்று நாம் செய்து சேர்த்து வைக்கிற சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன ஆகஸ்டில் டாக்டர் என் முதுகைப் பார்த்துவிட்டு இனிமேல் குனிந்து கோதுமை ரவையில் குஸ்குஸ் உருட்டக்கூடாது, வருஷத்துக்கான சாமானைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். நம்ம ரெண்டு பேருக்குக் கடை குஸ்குஸ் போதும், அவன் பங்குன்னு வருஷா வருஷம் மூட்டை கட்டறியே, அவன் அங்க ஜெர்மன்காரன் ரொட்டி தின்னு நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கான், இந்த வருஷம் நீ உருட்டினே, கொட்டிருவேன் பாத்துக்கோ என்றார். நான் சரி என்றேன். சரி என்றுவிட்டு உன் சித்தி மப்ரூக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் உட்கார்ந்து உருட்டினேன், வாழ்நாளில் அந்த மனுஷனிடம் நான் சொன்ன பொய்யில் இதுதான் பெரியது, மப்ரூக்காவுக்குக் கால் வீக்கம் என்று சொன்னேன், பாவம் அவளுக்கு அப்புறம் நிஜமாகவே வீங்கிவிட்டது. ரெண்டு பை குஸ்குஸ், ஒரு பை வறுத்து அரைத்த ப்ஸீஸா மாவு, அதில் வெந்தயம் உனக்குப் பிடித்த மாதிரி தூக்கலாகப் போட்டேன், ஒரு சரம் காய்ந்த மிளகாய், பாதாம், உலர்ந்த அத்தி. எல்லாம் வெள்ளைத் துணிப்பையில் தைத்தாயிற்று. இதை வீட்டில் எங்கே ஒளிப்பது? அடுக்களையில் வைத்தால் அவர் கண்ணில் படும். யோசித்து யோசித்து உன் கார் டிக்கியில் வைத்தேன். அவர் முன்பக்கம்தான் திறப்பார், டிக்கிச் சாவி என் அலமாரியில் இருந்தது. உன் பங்கை உன் காரில் வைத்துவிட்டால் உன்னிடமே கொடுத்துவிட்ட மாதிரி, நீ வந்து இறங்கி வண்டியைத் திறந்தால் அம்மா வைத்தது இருக்கும் என்று எனக்குச் சந்தோஷம். இரும்புப் பெட்டி, பூட்டு போட்டது, எலி என்ன சாவி வைத்துக்கொண்டா வரும் என்று நினைத்தேன். முட்டாள், முட்டாள், வேறு என்ன சொல்ல.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா உறையை எடுத்துவிட்டு அங்கிருந்தே சுஆத் சுஆத் என்று கத்தினார். ஓடிப் போனால் ஓட்டுநர் இருக்கையில் கருஞ்சீரகம் சிந்தினாற்போல எலிப்புழுக்கை. சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. மெக்கானிக் ஃபத்ஹி வந்து பானெட்டைத் தூக்கினான், ஒயரெல்லாம் தோலுரிந்து கிடந்தது, இன்ஜின் மேல் உன் இருக்கைப் பஞ்சைக் கொண்டு வந்து மெத்தை போட்டு வைத்திருந்தது எலி. ஃபத்ஹி ஒயரை மாற்றிக் கட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து, ரெண்டு விரல் நுழையற ஓட்டை இருந்தாப் போதும் மாமா, எலி தலைய விட்டுச்சுன்னா உடம்பு தானா வந்துரும், முதல்ல ஷெட்டு ஓட்டையை அடைங்க, அப்புறம் பக்கத்துல எங்க தீனி கெடைக்குதுன்னு பாருங்க, தீனி இல்லாத எடத்துல அது குடித்தனம் பண்ணாது என்றான். தீனி என்று அவன் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன், ஆமாம் ஆமாம் என்று தலையையும் ஆட்டினேன். அந்தத் தீனி என் பைகள்தான் என்று எனக்கு ஒரு துளிகூடத் தோன்றவில்லை அனீஸ், நீ நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை அடைத்து மேலே சிமெண்ட் பூசினார், ஒரு மாதம் எனக்குப் பாத்திரம் தேய்க்க நாரில்லை. ஷெட்டுக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்கு ஒரு பலகையை இழைத்துக் கொடுத்து, அதன் அடியில் பழைய டயர் ரப்பரை ஆணி அடித்துப் பொருத்தியது யார் தெரியுமா, சாட்சாத் ஸ்லிமான்தான், தச்சன் கை சும்மா இருக்குமா, மூன்று நாள் முட்டி போட்டு வேலை பார்த்தார். அந்துருண்டை வை என்று ஒருத்தர் சொன்னார், வைத்தோம், எலி போகவில்லை, எனக்குத்தான் தலைவலி வந்தது. பானெட்டைத் திறந்தே வை, வெளிச்சம் பட்டால் கூடு கட்டாது என்றார் இன்னொருத்தர், திறந்து வைத்தோம், மப்ரூக்காவிடம் இரவல் வாங்கிய பூனை அதற்குள் ஏறிப் படுத்துக்கொண்டது, எலி பிடிக்க அழைத்து வந்த பூனை வெள்ளிக்கிழமை இன்ஜின் சூட்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. பசை அட்டை வைத்தோம், மாட்டியது அப்பாவின் இடது செருப்பு. புகைக்குழாய் வழியாகப் புகுகிறது என்று அதில் துணியைத் திணித்து வைத்தார், அடுத்த வெள்ளிக்கிழமை அதை மறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினார், வண்டி இருமி இருமி நின்றுவிட்டது, ஐயோ மறுபடி ஒயரைத் தின்னுருச்சு என்று ஃபத்ஹியை ஓடி வரச் சொன்னார், ஃபத்ஹி பின்னால் போய்க் குழாயிலிருந்து உருவி எடுத்தது என்னுடைய பூப்போட்ட முக்காடு. மாமா, இது எலி பண்ணுன வேலை இல்ல என்றான். நான் சிரித்ததற்கு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை உங்கப்பா.

சிரிப்பெல்லாம் ஏப்ரல் வரைக்கும்தான். ஸ்லிமான் எப்போதும் போல ஜனவரியிலேயே ஒரு கிடாக்குட்டியை வாங்கி வந்து தன் ஷெட்டில் கட்டி வளர்த்துக்கொண்டிருந்தார், நம் ஷெட்டுக்கும் அவர் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எலி போகாத ஆத்திரத்தில் உங்கப்பாவுக்கு அந்தச் சுவர் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் தெருவிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டார், ஏன் ஸ்லிமான், உன் கிடா சிந்தற பார்லியையும் தவிட்டையும் தின்னுட்டு ஊர்ல உள்ள எலி பூரா என் பையன் வண்டியில வந்து படுத்துக்குது, அதை வேற எங்கயாவது கட்டக்கூடாதா என்றார். எலிக்கு நானா கல்யாணப் பத்திரிகை வச்சு அழைச்சேன், முப்பது வருஷமா இதே எடத்துலதான் கட்டறேன், அப்பல்லாம் எலி என்ன படிக்கப் போயிருந்துச்சா என்றார் ஸ்லிமான், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். உங்கப்பா விடவில்லை. உனக்கு ஒரு பிள்ளை இருந்து, அவன் வண்டியை உன்கிட்ட நம்பிக் குடுத்துட்டுப் போயிருந்தா உனக்குத் தெரியும் என்றார். எனக்கு அப்படியே உடம்பு கூசிப்போயிற்று. ஸ்லிமானும் வசீலாவும் குழந்தைக்காக எத்தனை டாக்டரைப் பார்த்தார்கள், உனக்கு என்ன தெரியும், நீ படுத்த தொட்டிலை இழைத்ததே அந்த மனுஷன்தான், நாலாம் வகுப்பு வரைக்கும் தன் மொபெட்டில் உட்காரவைத்து உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அவர்தான். ஸ்லிமான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து ரெண்டு பேரும் சேர்ந்து காப்பிக்கடைக்குப் போவதில்லை, உங்கப்பா சீட்டாட பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களோடு போய் உட்காருகிறார், தோற்றுவிட்டு வருகிறார்.

சண்டைக்கு ரெண்டு நாள் கழித்து, அப்பா பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில், ஃபத்ஹி தீனி என்று சொன்னது ஞாபகம் வந்து, சாவியை எடுத்துப் போய் டிக்கியைத் திறந்தேன். அங்கே பை இல்லை. பைகள் இருந்த இடத்தில் நூலும் தவிடும் புழுக்கையும். குஸ்குஸ் ஒரு பிடிகூட மிச்சமில்லை, பாதாம் ஓடுகள் மட்டும் துளை துளையாகக் கிடந்தன, மிளகாயை மட்டும் தொடவில்லை. என் வெள்ளைத் துணியைக் கிழித்து அழகாக உருட்டிக் கூடு, அதற்குள் என்னவோ அசைந்தது. பதறிப்போய் மூடியை அடித்துச் சாத்தினேன், அந்த அதிர்ச்சியில் பூட்டு இறுகிக்கொண்டது, அதற்குப் பிறகு நான் எவ்வளவு திருகியும் திறக்கவில்லை. நானே ரகசியமாகச் சுத்தம் பண்ணிவிடலாம் என்றால் அதற்கும் வழி இல்லாமல் போயிற்று. சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இன்று சொல்கிறேன் நாளை சொல்கிறேன் என்று மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிவிட்டேன். அப்பாவுக்குப் பயந்தா, இல்லை, நான் உருட்டியதெல்லாம் எலிக்குப் போயிற்று என்பதை என் வாயால் சொல்ல வெட்கமா, இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை.

இன்று காலையில் மொச்சை உரித்தேன். சண்டைக்குப் பிறகும் நான் அந்தத் தோலை எல்லாம் பின்சுவருக்கு மேலால் ஸ்லிமான் வீட்டுக் கிடாவுக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், போட்டதும் அது ம்மே என்று ஒரு குரல் கொடுக்கும். இன்று போட்டேன், குரல் வரவில்லை. மனசு கேட்காமல் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனால் அவர்கள் ஷெட் திறந்து கிடக்கிறது, கிடா இல்லை, தீவனத் தொட்டி இல்லை, தரையைக் கழுவிவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, நடுச்சுவரில் இருந்த பொத்தல்களை எல்லாம் அவர் பக்கத்திலிருந்து சிமெண்ட் போட்டு அடைத்திருக்கிறார். வசீலா வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்ன வசீலா இது என்றேன். நேத்து வித்துட்டாருக்கா, இனிமே எலி வந்தா அது எங்க எலி இல்லன்னு உங்க வீட்டு மொன்ஸெஃப்கிட்ட யாராச்சும் சொல்லுங்கன்னாரு, பெருநாளுக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போய்க்கிறோம் என்றாள். அவள் அண்ணன் வீட்டோடு பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குத் தெரியாதா? பெருநாளுக்கு முந்தின நாள் நானும் அவளும்தான் கிடாவின் நெற்றிக்கு மருதாணி வைப்போம், ஒரு வருஷம் தவறியதில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து உங்கப்பாவிடம் கிடா போயிற்று என்று சொன்னேன். அப்படியா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஆனா இன்னிக்குக் காலையிலகூட இருக்கையில புழுக்கை இருந்துச்சே என்றார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இப்போது சொல், நான் என்ன செய்ய? சொன்னால் என்னைத் திட்டுவார், அது பரவாயில்லை, ஆனால் அந்த மனுஷன் ஸ்லிமான் முகத்தில் எப்படி விழிப்பார்? சொல்லாவிட்டால் நான் பெருநாள் கறியை எப்படி விழுங்குவேன்? மாவு பிசைய வேண்டும், அப்புறம் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை

அனீஸ், இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நேற்று என்னென்னவோ நடந்துவிட்டது, எதை முதலில் சொல்வது என்று கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நேற்று ஜும்ஆ முடிந்து வந்து அப்பா ஷெட்டைத் திறந்தார். நான் டிக்கிச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏங்க, எலிக்குச் சோறு போட்டது ஸ்லிமான் இல்ல, நான்தான், டிக்கிய நெம்பித் தொறந்து பாருங்க என்றேன், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார். அப்புறம் திருப்புளியை விட்டு நெம்பினார், மூடி படாரென்று திறந்தது, ரெண்டு பெரிய எலி அவர் காலுக்கு நடுவில் ஓடியது, மனுஷன் ஒரே தாவாகத் தாவி பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டார், பூனை பானெட் மேல் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா இறங்கி வந்து நூலையும் தவிட்டையும் கையில் அள்ளிப் பார்த்தார். வெந்தய வாசனை அவருக்குத் தெரியாதா? யாருக்குடி இதெல்லாம், அவன் அங்க என்ன பட்டினியா கெடக்கான் என்றார். பட்டினி கெடக்கிறவனுக்கு இல்லங்க, வராதவனுக்கு என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நான் அவன்கிட்ட எப்படிச் சொன்னேன் பாத்தியா, பிள்ளை இருந்தாத் தெரியும்னு சொல்லிட்டேனே, பாவி, சொல்லிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

போய்ச் சொல்லு என்றார் என்னிடம். நீங்களும் வாங்க என்றேன். நீ முன்னாடி போ என்றார். கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்தே போனோம், கதவை நான்தான் தட்டினேன். ஸ்லிமான் திறந்தார், பின்னால் வசீலா. எல்லாவற்றையும் நானே சொன்னேன், பை தைத்தது, ஒளித்தது, மூன்று வாரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. ஸ்லிமான் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வசீலாதான், எங்க வீட்டுல வச்சிருக்கலாமேக்கா, என் பிள்ளைக்குன்னா நான் தலைமாட்டுல வச்சுப் பாத்திருக்க மாட்டேனா என்று கேட்டாள்.  உங்கப்பாவோ மன்னிப்பு என்கிற வார்த்தையை எடுக்கத் தெரியாத ஆள், தொண்டையைக் கனைத்துக் கனைத்து, கிடாவை எங்க வித்தே என்று மட்டும் கேட்டார். ஸராம்தீன்ல ஒரு தோப்புக்காரர்கிட்ட, வித்தது வித்ததுதான், விடு மொன்ஸெஃப் என்றார் ஸ்லிமான். ஏறு வண்டியில, போய்க் கேப்போம் என்றார் அப்பா. எந்த வண்டியில என்றார் ஸ்லிமான். உங்கப்பா நம் ஷெட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம், நம்ம பையன் வண்டியிலதான், வேற எந்த வண்டி என்றார்.

நம்ம பையன் என்றார் அனீஸ். ஸ்லிமான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். உள்ளே போய்த் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் ஏறும்போது உங்கப்பாவைப் பார்த்த பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போன ஸ்லிமானை, போட்டுக்கிட்டே ஏறுடா என்று அதட்டினார் அப்பா. நானும் வசீலாவும் தெருவில் நின்று பார்த்தோம், உன் கார் தெருமுனை வரைக்கும் போய், நிற்காமல், வளைந்து, போயே போய்விட்டது. அசர் தொழுகைக்கு முன்னால் திரும்பி வந்தார்கள். தோப்புக்காரர் முதலில் முடியவே முடியாது என்றாராம், உங்கப்பா வெட்கத்தை விட்டு முழுக்கதையையும் சொன்னாராம், புகைக்குழாயில் என் முக்காட்டை வைத்தது வரைக்கும், அந்த மனுஷன் சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கிடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பின் இருக்கையில் கிடா, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஸ்லிமான், முன்னால் உங்கப்பா பஸ் ஓட்டுகிற மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு. உன் இருக்கை உறையை அது பாதி தின்றுவிட்டது. இருக்கையில் வேறு என்ன செய்தது என்று எழுதாமல் விடுகிறேன். நாலு மாதம் எலி பண்ணாத நாசத்தை அரை மணி நேரத்தில் ஒரு கிடா பண்ணிவிட்டது, உங்கப்பாவோ கழுவிக்கலாம் கழுவிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே ஸ்லிமானோடு சேர்ந்து அதைப் பிடித்து இறக்கினார்.

இன்று காலையில் அப்பா கடைத்தெருவுக்குப் போய் இறுக்கி மூடுகிற மூடி போட்ட பெரிய தகர டின் மூன்று வாங்கி வந்து அடுக்களைத் திண்டில் வைத்திருக்கிறார்.  ஆகஸ்டில் குஸ்குஸ் உருட்ட வசீலா வருகிறேன் என்கிறாள், நான் சும்மா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதுமாம். ஃபத்ஹி வந்து டிக்கியைக் கழுவி, பின் இருக்கைக்கு அடியில் இருந்த ஓட்டைக்குக் கம்பி வலை அடித்துவிட்டு, ஷெட்டுக்குள்ள நிறுத்தியே வச்சா இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வேற எலி வரும் மாமா, தெனம் ஓடுற வண்டியில அது தங்காது என்றான். அப்பாவும் ஸ்லிமானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், சின்னப் பசங்க மாதிரி. நாளையிலிருந்து ரெண்டு பேரும் உன் காரில்தான் கடற்கரைக் காப்பிக்கடைக்குப் போகப்போகிறார்களாம். மீட்டர் நம்பர் மாறிவிடுமே என்றேன். மாறட்டும் என்றார்.

உன்னைக் கேட்காமல் இதெல்லாம் முடிவாகிவிட்டது. நீ என்ன நினைப்பாய் என்று எனக்கு இப்போதும் குழப்பம்தான், இருக்கை உறை கிழிந்தது, ஆட்டு வாசனை போக ஒரு மாதமாவது ஆகும், பின்கண்ணாடியில் கொம்பு பட்டு ஒரு கீறலும் இருக்கிறது, அதை அப்பா உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டில் எதையும் ஒளிக்கமாட்டேன்.

அல்லாஹ் உனக்கும் ரீமுக்கும் நல்ல ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும், லினா கண்பட்டுப் போகாமல் வளரட்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. பெருநாள் அன்று எப்போதும் முதல் போன் எங்களுக்குத்தானே போடுவாய், அடுத்த பெருநாளிலிருந்து ஸ்லிமான் வீட்டுக்குப் போட்டுவிட்டு அப்புறம் எங்களுக்குப் போடு, மறந்துவிடாதே. காரைப் பற்றி உனக்குக் கோபம் வரும், வரட்டும், நியாயம்தான். ஆனால் போனில் திட்டாதே, ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்கும். நேரில் வந்து திட்டு.

உன் அம்மா
சுஆத்